வாய் நசுக்கிய சங்கு

அத்தை,

உங்கள் பித்தளைச் சங்கைப் பரணிலிருந்து இறக்கி, புளி போட்டுத் துலக்கி, மேசைமேல் வைத்திருக்கிறேன். புளியும் பித்தளையும் கலந்த அந்த வாடை சோப்புப் போட்டுக் கழுவியும் கையைவிட்டுப் போகவில்லை. அந்தக் கையோடுதான் எழுதுகிறேன். நீங்கள் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. இருக்கும்போதே நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டவர் இல்லை. இப்போது நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பது ஒன்றுதான் எனக்கு வசதி.

பிள்ளைக்குப் பால் புகட்டும் சங்கு எந்த வீட்டிலும் இருப்பதுதான். ஆனால் மற்ற வீட்டுச் சங்குக்கு வாய் திறந்து, வாய்க்கால் மாதிரி இருக்கும். சாய்த்தால் பால் ஒழுகும். உங்கள் சங்கின் வாய் மட்டும் இரண்டு பக்கமும் நசுங்கியிருக்கிறது. எவ்வளவு சாய்த்தாலும் சொட்டாகத்தான் விழும். என் மகன் முருகேசன் அந்தச் சொட்டுகளைக் குடித்துத்தான் உயிரோடு இருக்கிறான்.

இதை ஏன் இன்றைக்கு இறக்கினேன் என்று சொல்கிறேன். முருகேசனுக்கு நாற்பதில் கல்யாணம் ஆனது உங்களுக்குத் தெரியாது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெண் வீட்டார் திரும்பிப் போனதெல்லாம் பார்த்தீர்கள், மாலை போட்டு நின்றதைப் பார்க்க நீங்கள் இல்லை. பெண் ராசிபுரத்துக்காரி, கவிதா. நல்ல பெண். இப்போது ஐந்தாம் மாதம். நேற்று நாமக்கல்லில் ஸ்கேன் எடுத்தோம். குழந்தையின் மேலுதட்டில் பிளவு இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். அண்ணம் எப்படி என்பது பிறந்த பிறகுதான் திட்டமாகத் தெரியுமாம்.

கவிதா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. அழவும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நான் என்னங்க அத்தை பண்ணிப்புட்டேன்?"

போன மாதம் கிரகணம் வந்தது. அன்றைக்கு அவள் மொட்டை மாடிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுத்து வந்தாள். அவளை அறையில் போட்டுப் பூட்டாதது நான்தான். இஷ்டம்போல் இரு என்று சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி பார்த்திருக்கிறாள். நேற்றுச் சாயங்காலத்துக்குள் செய்தி ராசிபுரம் போய்விட்டது. இன்று மதியம் அவள் அம்மாவும் தாய்மாமனும் வருகிறார்கள். எதற்கு வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் உங்களோடு எனக்கு முடிக்க வேண்டிய கணக்கு இருக்கிறது.

முருகேசன் வயிற்றில் இருந்தபோது நீங்கள் வாசற்படியில் குறுக்கே நின்றது இப்போது நடந்த மாதிரி இருக்கிறது. எனக்கு எட்டாம் மாதம். பண்ணையில் கோழிக்குஞ்சுக்கு மூக்கு வெட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்திக் கொன்றுவிடாமல் இருக்க, அலகின் நுனியைப் பழுக்கக் காய்ந்த தகட்டில் வைத்துத் தீய்த்து எடுப்போம். அதற்குக் குஞ்சின் வயது முக்கியம். நாள் தள்ளினால் அலகு கெட்டிப்பட்டுவிடும்.

"இன்னைக்குக் கெரகணம். வவுத்துப் புள்ளைக்காரி ஊட்டத் தாண்டப்படாது," என்றீர்கள்.

"குஞ்சுக்குக் கெரகணம் தெரியுமாங்க அத்தை? சாயங்காலம் வந்தர்றேன்."

"அதுலயும் வெட்டற வேலைக்குப் போறே."

"நெதமும் அந்த வேலைக்குத்தானுங்களே போறேன்."

"போ. நாஞ் சொன்னதச் சொல்லிப்புட்டேன். நாளைக்கு எங்கிட்ட வந்து அழுகாதே."

போனேன். மதியத்துக்கு மேல் கொட்டகைக்குள் வெளிச்சம் மங்கியது. ராத்திரி வந்துவிட்டது என்று நினைத்துக் குஞ்சுகள் எல்லாம் ஒரே நேரத்தில் சத்தத்தை நிறுத்தி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தன. அவ்வளவு பெரிய கொட்டகை அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. என் கையில் ஒரு குஞ்சு இருந்தது. வெட்டினேன். நிறுத்தவில்லை. பயமாகவும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

பிறகு முருகேசன் பிறந்தான். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். மேலுதடு மூக்குத்துவாரம் வரைக்கும் பிளந்திருந்தது. உங்கள் மகன் பார்த்த வேகத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நீங்கள் மட்டும் அசையவில்லை. போய்க் கையைக் கழுவி வந்தீர்கள். சுண்டுவிரலை அவன் வாய்க்குள் விட்டு மேலே தடவிப் பார்த்தீர்கள்.

"அண்ணமும் ஒட்டல," என்றீர்கள். யாரிடமும் சொல்லவில்லை, சும்மா சொன்னீர்கள். என் அம்மாவைப் பார்த்து, "ஊட்டுக்குப் போயி அந்தச் சங்க எடுத்துட்டு வரச் சொல்லுங்க. மாருல போட்டா இவனுக்கு இழுக்க வராது," என்றீர்கள். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினீர்கள்.

"எந்தக் கையில வெட்டுனே? காட்டு."

பிள்ளை பெற்று இன்னும் எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்த என்னிடம் கேட்டீர்கள். நான் காட்டவில்லை. கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஒன்றை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. அவனை உயிரோடு வைத்தது நீங்கள். என்னால் முடிந்திருக்காது. படுக்கவைத்து ஊற்றினால் பால் மூக்கு வழியாக வரும், அவனுக்கு மூச்சு முட்டும், முகம் நீலம் பாய்ந்துவிடும். நீங்கள் அவனை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, இடது கையால் பின்னந்தலையைத் தாங்கி, கன்னத்தின் உட்பக்கமாகச் சங்கை வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவீர்கள். அவன் விழுங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு. ஒருவேளைப் பால் முடிய அடுத்தவேளைப் பால் நேரம் வந்துவிடும்.

"படுக்க வெச்சு ஊத்தாதே. ஊத்துனியோ, கையை முறிச்சுப்புடுவேன்," என்பீர்கள் என்னிடம். சொல்லிக்கொண்டே அவனிடம், "குடி சாமி, என்ற தங்கமல்ல, இன்னொரு சொட்டு," என்பீர்கள். ஒரே வாய். இரண்டு பேச்சு.

சேலம் பெரியாஸ்பத்திரியில் உதட்டைத் தைத்தார்கள். பிறகு அண்ணத்தைத் தைத்தார்கள். இரண்டு தடவையும் வராந்தாவில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தீர்கள். அதுவும் எனக்குத் தெரியும். அவனைத் தூக்கிக்கொண்டு வந்த மறுவாரமே காதுகுத்து வீட்டில், நாலு பேர் நடுவில், "எம்மருமக கெரகணத்துல கோழி மூக்கு வெட்டப் போனா. கெரகணம் எம்பேரன் மூக்க வெட்டிப்புடுச்சு," என்றீர்கள். சொல்லும்போது குரலில் துக்கம் இருந்தது. அதனால் எல்லோரும் நம்பினார்கள். ஊரில் எனக்கு மூக்கு வெட்டுனவ என்று பேராகிப்போனது. கல்யாண வீட்டில் மாசமாக இருக்கும் பெண்கள் நான் வந்தால் எழுந்து இடம் மாறி உட்கார்ந்தார்கள். என் சொந்தத் தங்கச்சி எழுந்து போனாள், அத்தை.

நான் அந்த வேலையை விடவில்லை. விட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகும். பிள்ளையை உங்களிடம் விட்டுவிட்டு மறுபடியும் அதே பண்ணைக்குப் போனேன். கிரகணத்தன்றும் போனேன். நீங்களும் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. இடையில் உங்கள் மகன் பாவம், லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் பொழுது விடியும் முன்னே ஓடிவிடுவார்.

பிறகு குஞ்சு பொரிப்பகத்தில் வேலை கிடைத்தது. பொரியாத முட்டைகளை உடைத்து, உள்ளே இருப்பது எத்தனை நாளில் செத்தது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு நாற்றம் பிடித்த வேலை. எனக்கு அப்படி இல்லை. நாலைந்து நாளில் நின்றுபோன கருவில் கண் மட்டும் மிளகு மாதிரி கறுத்துப் பெரிதாக இருக்கும். அலகு இருக்காது. அலகு வரவேண்டிய இடத்தில் சிறுசிறு புடைப்புகள் தனித்தனியாக நிற்கும். இன்னும் சில நாள் கடந்ததில் அவை சேர்ந்து அலகாகியிருக்கும். ஒருநாள் உடைத்த முட்டையில் அவை சேராமலே நின்றிருந்தன. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நேரத்தைப் பார்த்து, மேலதிகாரி என்னாச்சு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அந்த முட்டையை யாரும் கிரகணத்தில் வெட்டவில்லை. அது இயந்திரத்துக்குள் இருட்டில் இருந்த முட்டை.

அதற்குப் பிறகுதான் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். எட்டாவது படித்தவளுக்குக் கல்லூரிப் புத்தகம் உடனே புரியவில்லை. ஒரு பக்கத்தைப் பல தடவை படித்தேன். புரியாததைக் கால்நடை டாக்டரிடமும், முருகேசனைக் காட்டப் போகும்போது ஆஸ்பத்திரியிலும் கேட்டேன். சிலர் சொன்னார்கள். சிலர் உனக்கு எதுக்கும்மா என்றார்கள்.

மனுஷக் குழந்தைக்கும் முதலில் முகம் கிடையாது, அத்தை. முன்னால் ஒரு நெற்றிப் புடைப்பு. அதற்குக் கீழே வாயாகப் போகிற ஒரு குழி. கழுத்துப் பக்கம் இரண்டு புறமும் வரிவரியாக மடிப்புகள். மேல் மடிப்பிலிருந்து தாடை வருகிறது. கீழ் மடிப்புகளிலிருந்து நாக்கடி எலும்பும் குரல்வளையும் வருகின்றன. காது முதலில் கழுத்துக்கிட்டக் கீழே இருக்கிறது, தாடை வளர வளர மேலே ஏறுகிறது. கண் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு முன்னால் வருகின்றன. மூக்கு தூரம் தூரமாக இரண்டு குழியாக ஆரம்பித்து நெருங்குகிறது. மூக்குக்கு நடுவிலிருந்து ஒரு துண்டு கீழே இறங்குகிறது. கன்னத்துப் பக்கமிருந்து இடமும் வலமும் ஒவ்வொரு துண்டு வருகிறது. மூன்றும் சந்தித்து ஒட்டினால் மேலுதடு. ஒட்டாவிட்டால் என் மகன். உதட்டுக்குப் பிறகு அண்ணம். நாக்குக்கு இரண்டு பக்கமும் இரண்டு மடல் தொங்கிக்கொண்டிருக்கும். நாக்கு கீழே இறங்கி வழிவிட்டதும் அவை மேலே எழுந்து ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

முருகேசன் அப்பாவின் பட்டறைக்கே வேலைக்குப் போன பிறகு ஒருநாள் அவனிடம் இதைச் சொன்னேன். லாரி பாடிக்கு நாலு பக்கத்திலிருந்து தகடு கொண்டுவந்து மூலையில் சேர்க்கிற மாதிரிதான் என்றேன். அவன் மூக்குக்குக் கீழே உள்ள தழும்பைத் தடவிக்கொண்டான்.

"எனக்கு அந்த எடத்துல வெல்டிங் உட்டுப்போச்சுன்னு சொல்றே."

"ஆமா."

"வெல்டர் கெரகணத்துக்கு லீவு போட்டுட்டானாட்ட இருக்குது," என்று சிரித்தான். வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்த ஒரே ஆள் அவன்தான்.

இதெல்லாம் நடந்து முடிவது எப்போது? உதடு இரண்டு மாதத்துக்குள். அண்ணம் மூன்றாம் மாதத்துக்குள். கிரகணம் வந்தது என்னுடைய எட்டாம் மாதத்தில். நான் அந்தக் குஞ்சைக் கையில் பிடித்தபோது உள்ளே என் பிள்ளையின் முகம் எப்போதோ ஆகி முடிந்திருந்தது. இதைப் புரிந்துகொண்ட அன்று பஸ்ஸில் உட்காரப் பிடிக்காமல் பாதி தூரம் நடந்தே வீட்டுக்கு வந்தேன். நீங்கள் கொல்லையில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் சொன்னேன். விரல் விட்டு மாதம் எண்ணிக் காட்டினேன். நீங்கள் முறத்தை நிறுத்தவில்லை.

"அப்ப அந்த ரெண்டாம் மாசத்துல நீ எங்க போயிருந்தே?" என்றீர்கள்.

அவ்வளவுதான். கிரகணத்தை உங்கள் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன் என்று வந்தேன். நீங்கள் பழியைக் கிரகணத்திலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைத்தீர்கள். பழி எனக்கு என்பது முதலிலேயே முடிவாகியிருந்தது. காரணம்தான் மாறிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் தேவைக்கு மீறி உங்களோடு நான் பேசவில்லை.

பேசாமல் இருந்த அந்தக் காலத்தில்தான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. உதடு பிளந்திருப்பது வெளியே தெரிகிறது, யாரும் பார்க்கலாம். வாய்க்குள் விரலை விட்டு அண்ணத்தைப் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? நர்ஸே அதற்குப் பிறகுதான் பார்த்தாள். மாரில் போட்டால் இழுக்க வராது என்று எப்படித் தெரியும்? நிமிர்த்திப் பிடித்து ஊற்ற எங்கே பழகினீர்கள்? சங்கின் வாயை யார் நசுக்கினார்கள்? அவன் பிறப்பதற்கு முன்னாலேயே அது நசுங்கித்தான் இருந்தது.

கேட்டேன். "இந்தச் சங்கு வாய் ஏனுங்க அத்தை இப்படி இருக்குது?"

"உங்கப்பன் ஊட்டுச் சீரா? அது எப்படி இருந்தா உனக்கென்ன?"

அதற்கு மேல் உங்களைக் கேட்க முடியாது என்று எனக்குத் தெரியும். விட்டுவிட்டேன். கேள்வியை விடவில்லை.

கடைசியில் நீங்கள் விழுந்து கிடந்தபோது எல்லாம் நான்தான் பார்த்தேன். அதைச் சொல்லிக்காட்டவில்லை. வேறு யாரும் இல்லை, நான் பார்த்தேன். ஸ்பூனை வைத்தால் பல்லால் கடித்துக்கொள்வீர்கள். சங்கை எடுத்தேன். உங்களைச் சாய்த்து உட்காரவைத்து, பின்னந்தலையை இடது கையில் தாங்கி, கன்னத்தின் உட்பக்கமாக விட்டேன். நீங்கள் கற்றுக்கொடுத்த விதம்தான். ஒரு மத்தியானம், கஞ்சித்தண்ணீர் பாதி இறங்கியிருக்கும், கண்ணைத் திறக்காமலே சொன்னீர்கள்.

"இப்படி நிமித்திப் புடிச்சிருந்தா மூத்தவ பொழைச்சிருப்பா."

உங்களுக்கு ஒரே மகன். அவர்தான் மூத்தவர், இளையவர் எல்லாம். அப்படித்தான் நாங்கள் அத்தனை பேரும் நினைத்திருந்தோம்.

"யாருங்க அத்தை மூத்தவ?"

"அவளுக்கும் ஒதடு இவனாட்டவே. படுக்க வெச்சு ஊத்திப்புட்டேன். தெரியல."

"சங்கு?"

"அவ போன பொறவு நாந்தான் குழவில வெச்சு நசுக்குனேன். அடுத்ததுக்கு வேணுமேன்னு."

அடுத்தது உங்கள் மகன். அவருக்கு வேண்டியிருக்கவில்லை. நசுக்கிய சங்கை அத்தனை வருடம் பரணில் வைத்துக் காத்திருந்திருக்கிறீர்கள். நான் இன்னும் கேட்டேன். பெயர் என்ன, எத்தனை நாள் இருந்தாள், உங்களை யார் என்ன சொன்னார்கள். நீங்கள் வாயை மூடிக்கொண்டீர்கள். அடுத்த சொட்டு வெளியே வழிந்தது. அந்த வாரமே போய்விட்டீர்கள்.

எனக்கு எல்லாம் விளங்கியது. உங்களிடமும் ஒருத்தி வந்து எந்தக் கையில் வெட்டினாய் என்று கேட்டிருப்பாள். நீங்கள் காட்டியிருப்பீர்கள். காட்டிவிட்டு, அந்தப் பெண் பிறந்ததையே அழித்திருக்கிறீர்கள். முருகேசன் பிறந்தபோது, வீட்டில் இது இரண்டாவது தடவை என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள். சொல்லியிருந்தால் ஊர் உங்கள் பக்கம் திரும்பியிருக்கும். அதனால் என் பக்கம் திருப்பிவிட்டீர்கள்.

விளங்கியது வேறு, மன்னிப்பது வேறு. தெரியாமல் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். நீங்கள் தெரிந்து சொன்னீர்கள்.

நேற்று ஸ்கேன் பார்த்த டாக்டரம்மாவிடம் இந்த மூத்தவள் கதையைச் சொன்னேன். முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். "அப்ப இது எம்மாமியா வழியில ரத்தத்துல வர்றதுதானுங்களே?" என்று கேட்டேன். ஆமாம் என்று அவர் சொல்வார், அதை வாங்கிக்கொண்டு வந்து உங்கள் போட்டோவுக்கு முன்னால் நிற்கலாம் என்று இருந்தேன்.

"குடும்பத்துல இருந்தா வாய்ப்பு கொஞ்சம் கூடுங்கம்மா. ஆனா இதுதான், இவங்கதான்னு விரல் நீட்ட முடியாது. யாருக்குமே இல்லாத குடும்பத்துலயும் வருது. பல காரணம் சேர்ந்து வர்றது. யார் மேலயும் தப்பு இல்ல."

"யார் மேலயுமேவா?"

"யார் மேலயும்."

எனக்கு அது பிடிக்கவில்லை, அத்தை. இத்தனை வருடம் படித்தது இதற்கா என்று இருந்தது. ஆனால் கவிதா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இல்லை. யார் மேலும் தப்பில்லை என்றால், நடந்தது தன்னிடம்தானே நடந்தது என்றுதான் அவள் நினைத்தாள். வெறும் கையாக ஒருத்தியிடம் உன் தப்பில்லை என்று சொன்னால் போதாது. அவள் தோளில் ஏறியிருப்பதில் கொஞ்சத்தையாவது வேறு யாராவது இறக்கி வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு அப்படி வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. ஆள் இருந்தும் வாங்கவில்லை.

வாசலில் கார் சத்தம் கேட்கிறது. பேனாவை வைக்கிறேன்.

அவர்கள் போய்விட்டார்கள். விளக்கு வைக்கும் நேரம். மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

சம்பந்தியம்மா வந்து செருப்பைக் கழற்றியதும் மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"ஏனுங் சம்பந்தி, கெரகணத்தன்னைக்குப் புள்ளத்தாச்சியை மாடிக்கு உட்டுருக்கீங்களே, பெரியவங்கன்னு நீங்க எதுக்கு இருக்கறீங்க?"

"உக்காருங்க. தண்ணி குடிங்க."

"தண்ணி குடிக்க வரல. ஏம்மிணி கவிதா, உனக்காச்சும் புத்தி வேண்டாமா? அன்னைக்குக் கையில கத்தி கித்தி எடுத்தியா?"

கவிதா தன் கையைப் பார்த்தாள். தாய்மாமன் நடுவில் புகுந்தார். கெட்டவர் இல்லை, அக்கா மகள்மேல் பாசமுள்ள மனுஷன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இப்ப பேசி என்ன ஆகும். இன்னும் நாள் இருக்குது. வேண்டாம்னு டாக்டர்கிட்டச் சொல்லிட்டா முடிஞ்சுது. அடுத்தது நல்லதாப் பொறக்கட்டும்," என்றார்.

முருகேசன் டீ டம்ளர் தட்டோடு வந்து நின்றிருந்தான். தட்டு ஆடவில்லை.

"எம்மூஞ்சியப் பாத்துட்டே சொல்லுங்க மாமா," என்றான். அவன் மூக்கால் பேசுகிற குரல் உங்களுக்குத் தெரியும். கோபம் வந்தால் இன்னும் மூக்கில் ஏறும்.

மாமா பார்க்கவில்லை. நான் எழுந்துபோய் மேசைமேல் இருந்த சங்கை எடுத்துவந்து எல்லோருக்கும் நடுவில் வைத்தேன்.

"இது எங்கூட்டுல மூணாவது," என்றேன். "எம்மாமியாருக்கு இவங்கப்பாவுக்கு முன்னால ஒரு பொண்ணு. அதுக்கும் இப்படித்தான். அதைக் காப்பாத்தத் தெரியல, போயிருச்சு. அதுக்காக இந்தச் சங்க நசுக்கி வெச்சாங்க. இவனை இதுலதான் வளத்தாங்க. உங்க பொண்ணு எங்கூட்டுக்கு வந்து இன்னும் ரெண்டு தீவாளி பாக்கல. அவ மாடிக்குப் போகும்போது உள்ள குழந்தைக்கு ஒதடு ஆகி முடிஞ்சு மாசமாச்சு. கெரகணத்தையும் உங்க பொண்ணையும் உட்டுருங்க. கேக்கறதுன்னா எங்களைக் கேளுங்க."

சம்பந்தியம்மா சங்கைத் தொடாமல் பார்த்தாள். "கல்யாணத்துக்கு முன்னால இதச் சொல்லலீங்களே," என்றாள்.

"எங்களுக்கு யாரும் சொல்லல. நான் தெரிஞ்சப்பறமும் சொல்லல. இப்பச் சொல்றேன்."

பிறகு கவிதாவிடம் சொன்னேன். "இது உன்ற வவுறு. பெத்துக்கறதும் வேண்டாங்கறதும் நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பழியத் தூக்கிக்கிட்டு மட்டும் முடிவு பண்ணாதே."

அவள் முருகேசனைப் பார்த்தாள். நெடுநேரம் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அப்போதுதான் புதிதாகப் பார்க்கிற மாதிரி. அப்புறம் அவள் அம்மா, வந்து நாலு நாள் இருந்துட்டுப் போ கண்ணு என்று கூப்பிட்டபோது, "நீங்க போங்கம்மா. நான் இங்கயே இருக்கறேன். பெத்துக்கறேன்," என்றாள். சத்தமில்லாமல்தான் சொன்னாள். சம்பந்தியம்மா டீயைக் குடிக்காமலே எழுந்தாள். கோபம் தீரவில்லை. தீராமல் போகட்டும். நான் அதைத் தாங்குவேன், பழகியவள்.

ஆக, உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். நீங்கள் மூடி வைத்துக்கொண்டு போனதை நாலு பேர் நடுவில் திறந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை, தெரிவிக்க எழுதுகிறேன். நாளைக்குள் ராசிபுரம் முழுக்கத் தெரியும். அதற்கடுத்து நம் ஊருக்கு வரும். வரட்டும்.

அவர்கள் போன பிறகு கவிதா சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு, கை கழுவும் இடத்தில் சங்கில் தண்ணீர் பிடித்து உள்ளங்கையில் விட்டுப் பார்த்தாள்.

"இவ்வளவு மெதுவா விழுவுதுங்களே அத்தை. கை நோவாதுங்களா?"

"நோவும்."

"டாக்டர் இதுக்குன்னே பாட்டில் இருக்குதுன்னு சொன்னாங்களே."

"இருந்தா வாங்கிக்குவோம். பாட்டில்லயும் நிமித்தித்தான் புடிக்கோணும்."

"எப்படிப் புடிக்கோணும்?"

காட்டினேன். தலையணையை நிமிர்த்தி வைத்து, இடது கையைப் பின்னால் கொடுத்து, கன்னத்தின் பக்கம் சங்கைக் கொண்டுபோனேன். என் கை தானாகவே உங்கள் கை மாதிரி வளைந்தது. அதை நான் விரும்பவில்லை. ஆனால் வேறு விதமாக எனக்குப் பிடிக்கத் தெரியாது.

அவள் அப்போது ஒன்று கேட்டாள். "அந்த மொதப் புள்ளைக்கு என்ன பேருங்க அத்தை?"

பேர் வைத்தீர்களா, வைக்கும் முன்னே போய்விட்டாளா, எங்கே புதைத்தீர்கள், எதுவும் எனக்குத் தெரியாது. கேட்டபோது வாயை மூடிக்கொண்டீர்கள். நீங்கள் என்னைப் பேசிய பேச்சுக்கெல்லாம் சேர்த்து இதற்காகவும் உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது குறையவில்லை, குறையும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

சங்கைப் பரணில் ஏற்றவில்லை. அடுப்படியில், கைக்கு எட்டுகிற இடத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.